மெர்சிங் சாலையில் ஒரு முனகல்

கோத்தா திங்கியைத் தாண்டி இருபது நிமிடம் இருக்கும். “அந்த வானொலியக் கொஞ்சம் அடைம்மா” என்றார் அப்பா.

வானொலியில் பேசிப் பிழைக்கிறவளிடம் இப்படிச் சொல்ல அவரால் மட்டும்தான் முடியும். காலை நிகழ்ச்சியில் என் சக அறிவிப்பாளர் ஏதோ நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தார். அடைத்தேன். ஆனால் காருக்குள் அமைதி வரவில்லை. அதுவரை பாட்டுக்கு அடியில் கிடந்த ஒரு சத்தம் மேலே வந்தது. வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதைப் போல, “உம்ம்ம்ம்” என்று ஒரே சீராக.

“எத்தன நாளா இப்படி?”

“மூணு வாரமா இருக்கும்பா. டயர் சத்தம்தான்.”

“டயர்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான். டயர் கடையில் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்தேன். சத்தம் போகவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த ஒரே வைத்தியம், வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தது.

பள்ளி விடுமுறைக்குத் தியோமான் தீவில் மூன்று நாள் தங்குவது என்பது திட்டம். நான், அப்பா, அம்மா, ஒன்பது வயது மகன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. மெர்சிங் படகுத்துறையில் காலை பத்தரைக்கு ஃபெர்ரி. அதற்காக ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டிருந்தோம்.

மூன்றாம் எண் சாலை

ஜொகூர் பாருவில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாகவே போய், கிளந்தானில் தாய்லாந்து எல்லையருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் முடிகிறது கூட்டரசுச் சாலை 3. அதில் ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் வரை சுமார் 130 கிலோமீட்டர். கோத்தா திங்கிக்குப் பிறகு வரும் 90 கிலோமீட்டர்தான் உண்மையான பயணம். பெரும்பாலும் இருவழிச் சாலை. இருபுறமும் காடு, காடு முடிந்தால் செம்பனை, செம்பனை முடிந்தால் மறுபடியும் காடு. ‘யானை கடக்கும் இடம்’ என்ற எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. இந்தச் சாலையில் உண்மையிலேயே யானைகள் இறங்குகின்றன. பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. இங்கே கார் நின்றால் என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அப்பா யோசித்திருக்கிறார். குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில் 31 ஆண்டுகள் லோரி ஓட்டியவர். முதலில் ரப்பர் பால், பிறகு செம்பனைக் குலை. இப்போது வயது 72. இடதுபக்க முன் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டார்.

“எண்பதுல போ. இப்ப கால எடு.”

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். என்ஜின் அடங்கியது. முனகல் அடங்கவில்லை. வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது.

“என்ஜின் இல்ல” என்றார்.

பழுது பார்க்கப்பட்ட வழவழப்பான தார் ஒரு கிலோமீட்டர் வந்தது. பிறகு பழைய சொரசொரப்பான தார். டயர் சத்தமாக இருந்தால் சாலை மாறும்போது சத்தமும் தெளிவாக மாற வேண்டும். இது அப்படி மாறவில்லை.

“இப்ப வளைவு வருது பாரு. பிரேக் போடாம, மெதுவா எடு.”

வலப்பக்க வளைவு. முனகல் சட்டென்று கனத்தது. அடுத்தது இடப்பக்க வளைவு. ஏறக்குறைய காணாமலே போனது. மகன் பின்னாலிருந்து, “தாத்தா, ரைட்டுல போனா கத்துது, லெஃப்ட்ல போனா நிறுத்திடுது!” என்றான்.

“வலது பக்கம் திரும்பும்போது வண்டியோட பாரம் எந்தப் பக்கம் சாயும்?”

“இடது பக்கம்.”

“அப்ப நோய் இடது சக்கரத்துல. என் காலுக்குக் கீழதான்” என்றார் அப்பா.

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இதே வேலையை நானும் செய்கிறேன். ஒலிவாங்கியில் ‘ஹம்’ என்று இரைச்சல் வந்தால், அது 50 ஹெர்ட்ஸில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலா, குளிர்சாதனமா, கேபிளா என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். எதை அணைத்தால் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கூடத்தில் ஒரு சின்ன ‘ஹம்’ வந்தால் நிகழ்ச்சியையே நிறுத்துகிறவள், மகனை உட்கார வைத்து ஓட்டும் காரில் மூன்று வாரம் அதன்மேல் பாட்டுப் போட்டிருக்கிறேன்.

ஜெமாலுவாங் சந்திப்பு

குளுவாங்கிலிருந்து வரும் 50-ஆம் எண் சாலை நம் சாலையோடு சேரும் சின்னஞ்சிறு ஊர் ஜெமாலுவாங். இங்கிருந்து மெர்சிங் சுமார் 25 கிலோமீட்டர். பசியாறுவதற்காக நிறுத்தினோம். ரொட்டி சானாய் வருவதற்குள் அப்பா ஜாக்கியை எடுத்துவிட்டார்.

கெட்டியான, சமமான தரையாகப் பார்த்து நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்த பிறகுதான் வண்டியைத் தூக்கினார். முதலில் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தடவினார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தோ, மேடு பள்ளமாகவோ இருந்தால் டயரும் இதேபோலத்தான் முனகுமாம். டயர் ஒழுங்காக இருந்தது.

அடுத்து, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். பெரிதாக ஆட்டம் இல்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “இதுல கடகடன்னு ஆடியிருந்தா இங்கருந்து வண்டிய நகர்த்தவே கூடாது. சக்கரம் கழண்டு போற நெலமை அது.”

கடைசியாகக் கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். இடது கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“நீயும் புடிச்சிப் பாரு.”

பிடித்தேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் விரல்களில் நறநறவென்று ஓர் அதிர்வு ஏறியது. கல் கலந்த அரிசியைச் சுளகில் தேய்ப்பதுபோல இருந்தது. வலது பக்கச் சக்கரத்தையும் தூக்கி அதே மாதிரி பிடித்துப் பார்த்தோம். அங்கே ஸ்பிரிங் அசையாமல் இருந்தது.

“பேரிங்” என்றார் அப்பா.

பத்தரை ஃபெர்ரிக்கு நேரம் இருந்தது. படகுத்துறையில் காரை விட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து, மெல்ல ஜொகூர் பாருவுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். தங்குமிடத்துக்குக் கட்டிய பணம் என் கண்முன் நின்றது.

“வரும்போது ராத்திரி ஆயிடும். அந்தக் காட்டு ரோட்டுல, இந்தப் புள்ளய வச்சிக்கிட்டு?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் வாதாடவில்லை.

மெர்சிங்வரை 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டினேன். அவ்வளவு மெதுவாகப் போனதால்தான் அந்தச் சாலையை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். 1942 ஜனவரி 26 இரவு, மெர்சிங்கிலிருந்து தெற்கே இறங்கிவந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலியாவின் 2/18-ஆவது பட்டாலியன் பதுங்கியிருந்து தாக்கியது இந்த வழியில்தான். நித்ஸ்டேல் என்ற ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி, விடியும்வரை சண்டை நடந்தது. அதற்கு மூன்றே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இத்தனை முறை இதே சாலையில் 90-இல் பறந்திருக்கிறேன். எதுவும் கண்ணில் பட்டதில்லை.

ஆற்றங்கரையில் ஒரு பட்டறை

மெர்சிங் ஊருக்குள் ஒரு பட்டறை. நடத்துபவர் அறுபது வயது மதிக்கத்தக்க சீனப் பெரியவர். “தவுக்கே” என்று அப்பா அழைத்ததும் இருவரும் மலாயில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவரும் சக்கரத்தைச் சுற்றினார், ஸ்பிரிங்கைப் பிடித்தார், தலையாட்டினார். “பேரிங் சூடா ரோசாக்.” பேரிங் கெட்டுவிட்டது.

பொருளை வேறு கடையிலிருந்து வரவழைக்க வேண்டும். எப்போது வரும் என்று அப்பா கேட்டபோது தவுக்கே காருக்கு அடியில் இருந்தார். அங்கிருந்தே பதில் சொன்னார். அப்பா எங்களிடம் வந்து, “சீக்கிரம் வந்துடுமாம். ‘செப்பாட்’னு சொல்றாரு” என்றார். பத்தரை ஃபெர்ரி போனாலும் மதியத்துக்குள் ஏதாவது கிடைக்கும் என்று நம்பி நடக்கக் கிளம்பினோம்.

பெரும்பாலோருக்கு மெர்சிங் ஒரு காத்திருப்பு அறை. தியோமானுக்குப் போகிறவர்கள் வந்து, சீட்டு வாங்கி, ஏறிப் போய்விடுவார்கள். தியோமான் இருப்பது பகாங் மாநிலத்தில், ஆனால் அதற்குப் பலரும் ஏறும் துறை ஜொகூரின் இந்த ஊர். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. அதனால் ஃபெர்ரி நேரத்தைக் கடலின் ஏற்றவற்றம்தான் தீர்மானிக்கிறது. இன்று பத்தரை என்றால் நாளையும் பத்தரை என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஃபெர்ரி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றைவிட்டு வெளியேறியது. மகன் கையசைத்தான். யாருக்கு என்று தெரியவில்லை.

பிறகுதான் ஊரைப் பார்த்தோம். ஆற்றில் வரிசையாக நிற்கும் மீன்பிடிப் படகுகள். வலையைப் பழுது பார்க்கும் கைகள். குன்றின்மேல் ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிவாசல். சுடச்சுடக் கிரோப்போக் லெக்கோர். அம்மா மூன்று பொட்டலம் வாங்கினார். படகுகளின் டீசல் என்ஜின்கள் ‘டக் டக் டக்’ என்று கிளம்பும்போதெல்லாம் அப்பா திரும்பிப் பார்த்து, “இது ஒரு சிலிண்டர் சரியா எரியல” என்பார். ஆனால் பக்கத்திலிருந்து அம்மா கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

பன்னிரண்டாயிற்று. இரண்டாயிற்று. பட்டறைக்குத் திரும்பி, பொருள் ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கேட்டேன். தவுக்கே வியந்து பார்த்தார். “நான்தான் அப்போதே சொன்னேனே, புக்குல் எம்பாட்!”

எம்பாட் என்றால் நான்கு. நான்கு மணி. அப்பா கேட்டது ‘செப்பாட்’, சீக்கிரம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மகன்தான் சாதாரணமாகச் சொன்னான்: “தாத்தாவுக்கு வாயப் பாத்தாதான்மா தெரியும். அந்த அங்கிள் காருக்கு அடியில இருந்தாரு இல்ல?”

ஒன்பது வயதுப் பையன் கவனித்திருக்கிறான்.

பேரிங்குக்குள் என்ன நடக்கிறது?

நான்கு மணிக்குப் பொருள் வந்தது. பழைய பேரிங்கை அழுத்து இயந்திரத்தில் வைத்து வெளியே தள்ளி, பிரித்து, துணியால் துடைத்துக் காட்டினார் தவுக்கே. இரண்டு எஃகு வளையங்கள், நடுவில் எஃகு குண்டுகள், அவற்றுக்குக் கிரீஸ், உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க இரு பக்கமும் ரப்பர் மூடி. ஒரு பக்க மூடி தளர்ந்திருந்தது. கிரீஸ் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. கண்ணாடிபோல் பளபளக்க வேண்டிய வளையத்தில் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகள்.

“வெள்ளத்துல ஓட்டினியா?” என்று கேட்டார் அப்பா.

ஓட்டியிருக்கிறேன். கடந்த மழைக்காலத்தில், பாதிச் சக்கரம் மூழ்கும் தண்ணீரில், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று. அன்று உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, எஃகைத் துருப்பிடிக்க வைத்து, மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்திருக்கிறது.

சத்தத்தின் கணக்கு எளிது. எங்கள் காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 14 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பல குண்டுகள் அந்தக் குழியில் விழுந்து எழுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தட்டல். வினாடிக்குப் பல பத்துத் தட்டல்கள் சேரும்போது காதுக்கு அவை தனித்தனியாகக் கேட்பதில்லை. கனமான ஒரே முனகலாகக் கேட்கிறது. வேகம் கூடினால் தட்டல் கூடும், முனகலின் சுருதியும் ஏறும்.

கூலியோடு 180 ரிங்கிட். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஆயர் பாப்பானில்

சோதனை ஓட்டமாக வடக்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனோம். காரில் முனகல் இல்லை. சாலையின் சலசலப்பு மட்டும்தான். அம்மாவும் மகனும் மணலில் இறங்கிவிட்டார்கள். நான் அப்பாவின் எதிரே, என் முகம் அவருக்குத் தெரியும்படி உட்கார்ந்தேன்.

“எவ்வளவு நாளாப்பா?”

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. கடலைப் பார்த்தார்.

“உன் நிகழ்ச்சிய ஒருநாளும் விட்டதில்ல. உன் குரல் வர்றது கேக்கும். என்ன பேசுறேன்னுதான் தெரியாது.”

இரண்டு வருடமாக, நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்டால், “நல்லா இருந்திச்சு” என்று மட்டும்தான் சொல்வார். முன்பெல்லாம் என் உச்சரிப்பில் குறை கண்டுபிடிப்பார், நான் சொன்ன பழமொழி தப்பு என்று சண்டைக்கு வருவார். அந்தச் சண்டை நின்றபோது, மகள் பேசுவது அப்பாவுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அதற்கும் மேலே ஏதோ ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட்டேன்.

நான் படித்த ஊடகக் கல்வியில் ஒலியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. வயதானாலும், ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்தாலும், முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த மேல்சுருதிகள்தான். அவை போனால் பேச்சு கேட்கும், சொல் புரியாது. ‘எம்பாட்’, ‘செப்பாட்’ ஆகும். தாழ்ந்த ஒலிகள் மட்டும் நெடுநாள் தங்கும். அதனால்தான் என் சொற்களைத் தவறவிடும் அப்பாவுக்கு என் காரின் முனகல் தெளிவாகக் கேட்டது.

மலேசியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்கின்றன. அப்பா லோரி ஓட்டிய காலத்தில், என்ஜின் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்க, காதுக்குப் பஞ்சு வைக்கக்கூட யாரும் சொன்னதில்லை.

“அந்தச் சீனருகிட்ட மாதிரி, இதுக்கும் புதுசு போட்டுத் தட்டிவிட்டா சரி” என்று சிரித்தார். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சோதனை செய்து, செவிப்புலன் கருவி வைத்தால் பேச்சைப் பெருமளவு திரும்பப் பிடிக்கலாம் என்பதும் தெரியும். இரண்டாவதை மட்டும், மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“பாக்கலாம்” என்றார். அப்பா அகராதியில் அது ஏறக்குறைய சம்மதம்.

நீங்கள் போனால்

அன்றிரவு மெர்சிங்கிலேயே தங்கினோம். தீவில் ஒரு நாள் குறைந்தது. ஊர் ஒன்று கூடியது. நீங்கள் தியோமானுக்கோ, ராவா, பெசார், சீபு தீவுகளுக்கோ போவதாக இருந்தால், மெர்சிங்கை வெறும் படகுத்துறையாக நினைக்காமல் அரை நாளாவது ஒதுக்குங்கள். படகு நேரத்தை முதல்நாளே கேட்டு உறுதி செய்யுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும். கோத்தா திங்கியிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டில் அந்தச் சாலையைத் தவிருங்கள்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் ஒருமுறை, வானொலியை அடைத்துவிட்டுக் காரை ஓட்டிப் பாருங்கள். இதை ஒரு வானொலி அறிவிப்பாளரே சொல்கிறேன். வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல், வளைவில் ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் மெலியும் முனகல் கேட்டால் பட்டறைக்குப் போங்கள். காருக்குள் யார் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்கள், எதற்குத் திரும்புவதில்லை என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம்.

மறுநாள் காலை ஃபெர்ரியில் அப்பா பழக்கப்படி பின்பக்கம் போய், என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்.

“முன்னால வாங்கப்பா. இங்க சத்தம் அதிகம்.”

எழுந்து வந்தார்.